பனிமலையில் விலங்கு பார்ப்பது எப்படி? ஹெமிஸ் தரும் பாடம்

வேலை நிமித்தமாக வடக்கே குடியேறிய நம்மவர்களில் பலர் விடுமுறையில் கார்பெட், ரந்தம்போர், கான்ஹா போன்ற காடுகளுக்குப் போய் வந்திருப்பார்கள். விடியற்காலையில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் போதும். புலி நடமாடும் இடத்துக்கு ஓட்டுநரும் வழிகாட்டியும் நம்மைக் கொண்டுபோய் விடுவார்கள். பனிமலையில் இந்த முறை செல்லாது. விலங்கு நிற்கும் இடம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், நாம் ஏற முடியாத பாறையாக இருக்கும். அதன் நிறமும் பாறையின் நிறமும் ஒன்றாகவே இருக்கும். கண் இருந்தால் மட்டும் போதாது, பார்க்கக் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

லடாக்கிலுள்ள ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்கு நான் 2017 பிப்ரவரியிலும் 2023 பிப்ரவரியிலும் சென்று வந்தேன். முதல் முறை ஆறு நாள் தங்கியும் பனிச்சிறுத்தை கண்ணில் படவில்லை. இரண்டாம் முறை கண்டேன். இரண்டு பயணங்களிலும் ஊர்க்காரர்களிடம் கற்றவற்றை, அங்கே போக விரும்பும் அன்பர்களுக்கும், வீட்டிலிருந்தபடியே அறிய விரும்புவோருக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறேன்.

இடம்

ஹெமிஸ் பூங்கா 1981-ல் அமைக்கப்பட்டது. பின்னர் விரிவாக்கப்பட்டு, இன்று சுமார் 4,400 சதுர கிலோமீட்டர் பரப்புடன் நாட்டிலேயே மிகப் பெரிய தேசியப் பூங்காவாக விளங்குகிறது. லே நகரில் நின்று பார்த்தால் சிந்து நதிக்கு அக்கரையில் ஸ்டோக் மலைத்தொடர் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பதுதான் பூங்கா. ஹெமிஸ் என்னும் புகழ்பெற்ற பௌத்த மடாலயத்தின் பெயரே இதற்கும் அமைந்தது.

தேசியப் பூங்கா என்றாலும் உள்ளே ஊர்கள் உண்டு. வாற்கோதுமை பயிரிட்டு, செம்மறியும் வெள்ளாடும் வளர்த்து வாழும் மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். நான் தங்கிய ரும்பாக் அத்தகைய ஊர். வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். லேயிலிருந்து ஜிங்சன் என்ற இடம் வரை வண்டியில் போய், அங்கிருந்து உறைந்த ஓடையை ஒட்டி நடந்து ஊரை அடைந்தோம்.

பனிமலை என்றதும் எங்கும் வெண்மையாக இருக்குமென்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். லடாக் இமயத்தின் மழைமறைவில் இருக்கும் குளிர்ப் பாலைவனம். லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 100 மில்லிமீட்டர்தான். தில்லியில் அதைப்போல் ஏழு மடங்கு பெய்கிறது. ஆகையால் வடக்கு நோக்கிய சரிவுகளிலும் வெயில் படாத ஓடைகளிலும் மட்டுமே பனி தங்கும். தெற்கு நோக்கிய சரிவுகளில் வெயில் பட்டுப் பனி கரைந்து, காய்ந்த புல் வெளியே தெரியும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. புல் தெரியும் இடத்தில் ஆடு மேயும். ஆடு மேயும் இடத்தைச் சுற்றியே சிறுத்தை இருக்கும்.

ஏன் பிப்ரவரி?

உடம்பை நடுக்கும் குளிரில் போவானேன் என்று கேட்பார்கள். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. கோடையில் மேலே மிக உயரத்தில் மேயும் காட்டு ஆடுகள், குளிர்காலத்தில் புல் தேடிப் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கி வருகின்றன. சிறுத்தையும் பின்தொடர்ந்து இறங்குகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பனிச்சிறுத்தை இணை சேரும் காலம். தனித்தே திரியும் இந்த விலங்கு அப்போதுதான் குரல் கொடுத்தும், அடையாளம் வைத்தும், பகலிலும் நடமாடியும் தன்னை ஓரளவு வெளிக்காட்டும். மூன்றாவது, புதுப் பனியில் காலடித் தடம் தெளிவாகப் பதியும்.

என்ன என்ன விலங்குகள்?

முதலில் சொல்லவேண்டியது நீல ஆடு. இந்தியில் பாரல், லடாக்கி மொழியில் நாபோ. சாம்பல் கலந்த நீல நிறம். ஆணுக்கு விலாவில் கறுப்புக் கோடு உண்டு. சங்க நூல்களில் வருடை என்று பேசப்படும் நம் வரையாட்டுக்கு இது தூரத்து உறவு. இரண்டும் பகையைக் கண்டால் செங்குத்துப் பாறையைத்தான் புகலிடமாகக் கொள்ளும். ஊரைச் சுற்றி இவை மந்தை மந்தையாக மேய்வதைத் தினமும் பார்க்கலாம்.

சிந்துக் கரையை ஒட்டிய தாழ்ந்த சரிவுகளில் ஷாபு என்னும் யூரியல் காட்டுச் செம்மறி உண்டு. ஓநாய், செந்நரி, கம்பளி முயல் ஆகியவையும் உண்டு. மார்மட் என்னும் பெரிய அணில் இனம் மட்டும் குளிர்காலம் முழுவதும் வளைக்குள் உறங்கிவிடும். பிப்ரவரியில் அதைத் தேடுவது வீண். வானத்தில் பொன்னிறக் கழுகும், எலும்பைப் பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும் தாடிக் கழுகும் வட்டமிடும். ஓடையோரம் கௌதாரிக் கூட்டங்களும், சிவந்த அலகுடைய காக்கையினங்களும், மேக்பைகளும் திரியும்.

இவற்றின் நடுவே பனிச்சிறுத்தை. லடாக்கியில் ஷான். சமவெளிச் சிறுத்தையைவிடச் சிறியது. 50 கிலோவை ஒட்டியே பெரும்பாலும் நிற்கும். அதன் உடலில் ஒவ்வோர் உறுப்பும் குளிருக்கும் சரிவுக்கும் ஏற்ப அமைந்திருக்கிறது. அகன்ற மூக்கறை, உள்ளே வரும் குளிர்காற்றைச் சூடாக்கி அனுப்புகிறது. மயிர் அடர்ந்த அகலப் பாதங்கள் பனியில் புதையாமல் நடக்க உதவுகின்றன. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளமுள்ள வால், பாய்ச்சலில் சமநிலை காக்கும். படுக்கும்போது முகத்தைச் சுற்றிப் போர்வையாகும். இதற்குக் கர்ஜிக்க வராது. இணை சேரும் காலத்தில் நீண்ட அலறல் போன்ற குரல் மட்டும் பள்ளத்தாக்கில் எதிரொலிக்கும்.

விலங்குக்கு முன் அதன் தடயம்

ரும்பாக்கில் எங்களுக்கு வழிகாட்டியவர் ஆடு மேய்த்து வளர்ந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் அந்த ஊர் வழக்கப்படி ‘அச்சோ-லே’, அதாவது அண்ணா, என்றே அவரை அழைத்தோம். முதல் நாள் அவர் தொலைநோக்கியை வெளியே எடுக்கவே விடவில்லை. "முதலில் தரையைப் பாருங்கள். ஷான் எங்கே இருக்கிறது என்பதைப் பிறகு பார்க்கலாம். அது எப்போது இங்கே வந்து போனது என்பதைத் தரை சொல்லிவிடும்" என்றார்.

அவர் காட்டிய தடயங்கள் நான்கு. ஒன்று, காலடி. பனிச்சிறுத்தையின் தடம் வட்டமாக இருக்கும்; நகம் பதியாது. ஓநாயின் தடம் நீண்டது; நகக்குறி முன்னால் தெரியும். இரண்டு, பிராண்டல். பின்னங்கால்களால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளிச் சிறு பள்ளமும் அதன் முனையில் சிறு மேடும் செய்துவிட்டுப் போகும். பாறையடிவாரம், கணவாய், மலைமுகடு ஆகிய இடங்களில் இவை வரிசையாகக் கிடைக்கும். மூன்று, மூத்திர அடையாளம். முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் பாறைகளின் அடிப்பக்கத்தில் பீய்ச்சிவிட்டுப் போகும்; கன்னத்தையும் தேய்க்கும். மழை நேரடியாகப் படாத பாறையாதலால் வாசனை பல நாள் நிற்கும். சில பாறைகளில் மயிரிழை ஒட்டியிருப்பதைக் கண்டோம். நான்கு, எச்சம். அதில் நீல ஆட்டின் மயிர் இருந்தால் அது காட்டில் உண்டது; வீட்டு ஆட்டின் மயிர் இருந்தால் ஊரில் யாரோ ஒருவர் இழந்தது.

2017-ல் ஆறு நாளும் இந்தப் பாடத்திலேயே கழிந்தன. ஒரு நாள் காலை, முந்தின மாலை நாங்கள் நடந்த எங்கள் பூட்ஸ் தடத்தின் மேலேயே புதிய சிறுத்தைத் தடம் பதிந்திருந்தது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை. அது எங்களைப் பார்த்திருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் பீட்டர் மத்தீசன் 1973-ல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலருடன் நேபாளத்தின் டோல்போ பகுதியில் மாதக்கணக்கில் நடந்தும் பனிச்சிறுத்தையைக் காணாமலே திரும்பினார். 1978-ல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலுக்கு அந்த விலங்கின் பெயரையே வைத்தார். அவருக்கே கிட்டவில்லை என்றால் நாம் வருந்த என்ன இருக்கிறது?

தடயம் படிப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. நாட்டில் எத்தனை பனிச்சிறுத்தைகள் உள்ளன என்ற கணக்கே இப்படித்தான் எடுக்கப்பட்டது. 2019 முதல் 2023 வரை நடந்த கணக்கெடுப்பில் ஆய்வாளர்கள் 13,450 கிலோமீட்டர் நடந்து தடயம் தேடினார்கள். 1,971 இடங்களில் தானியங்கிக் கேமராக்களை வைத்தார்கள். மனிதருக்குக் கைரேகைபோல் ஒவ்வொரு சிறுத்தைக்கும் உடற்புள்ளிகள் வேறுபடும். அதைக் கொண்டு 241 தனிச் சிறுத்தைகளை அடையாளம் கண்டு, மொத்தம் 718 என்று மதிப்பிட்டார்கள். 2024 ஜனவரியில் வெளியான இக்கணக்கின்படி லடாக்கில் மட்டும் 477 உள்ளன; உத்தராகண்டில் 124, இமாசலத்தில் 51, அருணாசலத்தில் 36, சிக்கிமில் 21, ஜம்மு-காஷ்மீரில் 9.

மலையைப் படிப்பது

தடயம் தெரிந்த பிறகு மலையைப் பார்க்கவேண்டும். இதற்கும் ஒழுங்கு உண்டு. எதிர்ச்சரிவு நன்றாகத் தெரியும் ஒரு மேட்டில், விடியும் முன்பே போய் உட்காரவேண்டும். காலை முதல் இரண்டு மணி நேரமும், மாலை கடைசி இரண்டு மணி நேரமும் முக்கியம். நடுப்பகலில் சிறுத்தை பாறை நிழலில் படுத்துவிடும். பிறகு அது பாறையா விலங்கா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் வெறுங்கண்ணால் முழுச் சரிவையும் பார்க்கவேண்டும். பிறகு பைனாகுலரால் மலைமுகட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்க்கவேண்டும்; வானத்தின் பின்னணியில் நடந்துபோகும் விலங்கு அங்கேதான் எளிதில் தெரியும். அதன்பின் சரிவை வயல் வரப்புகளைப்போல் பட்டை பட்டையாக மனத்தில் பிரித்துக்கொண்டு மெதுவாக இறங்கிவர வேண்டும். முழு உடலைத் தேடக்கூடாது. பாறையின் விளிம்பில் பொருந்தாத ஒரு வளைவு, தொங்கும் வால், அசையும் காது இவற்றைத் தேடவேண்டும். சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் முக்காலியில் பொருத்திய பெரிய தொலைநோக்கியைத் திருப்பவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி நீல ஆடுகளே. மந்தை தலை குனிந்து மேய்ந்தால் அச்சமில்லை. எல்லாம் ஒரே பக்கம் திரும்பிக் கழுத்தை நீட்டி அசையாமல் நின்றால், அவை பார்க்கும் திசையில் நாமும் பார்க்கவேண்டும். அதைப்போலவே மேக்பைகளும் காக்கைகளும் ஓரிடத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தால் அங்கே ஏதோ இரை கிடக்கிறது என்று பொருள்.

கண்டது

2023-ல் நான்காம் நாள் காலை பறவைகளே எங்களுக்கு வழி காட்டின. எதிர்ச்சரிவில், சுமார் 800 மீட்டர் தொலைவில், மேக்பைகள் ஒரு பாறையிடுக்கைச் சுற்றியே குதித்துக்கொண்டிருந்தன. அச்சோ-லே அரை மணி நேரம் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஒன்றும் பேசாமல் விலகி எனக்கு இடம் விட்டார். முதலில் எனக்குப் பாறைகள் மட்டுமே தெரிந்தன. ஒரு பாறை தலையைத் தூக்கியதும் மற்றதும் தெரிந்தது. கீழே ஒரு நீல ஆட்டின் உடல்; அதன் பக்கத்தில் வாலைக் காலைச் சுற்றிப் போட்டபடி சிறுத்தை. பறவைகள் நெருங்கியபோதெல்லாம் எழுந்து விரட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

ஒரு மணி நேரத்துக்குள் பள்ளத்தாக்கில் செய்தி பரவி, வேறொரு குழுவினரும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் நல்ல படம் வேண்டுமென்று ஓடையைக் கடந்து ஏற முற்பட்டார்கள். அச்சோ-லே அவர்கள் முன்னால் போய் நின்றுகொண்டார். குரலை உயர்த்தவில்லை. "இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஸாப். நீங்கள் ஏறினால் அது இறங்கிப் போய்விடும். அப்புறம் இரையை நரியும் கழுகும் தின்றுவிடும். பசித்த ஷான் இன்றிரவு எங்கே போகும்? கீழே எங்கள் பட்டிக்குத்தான் வரும்" என்றார். அவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் ஏறவில்லை.

அந்த வார்த்தையில் எத்தனை உண்மை இருக்கிறது என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். தெற்கு மங்கோலியாவில் கழுத்துப் பட்டை பொருத்தி ஆராய்ந்ததில், ஒரு பனிச்சிறுத்தை சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு முறைதான் பெரிய இரையை வீழ்த்துகிறது என்று தெரிந்தது. ஆகவே ஓர் ஆடு அதற்குப் பல நாள் உணவு. சில நாட்களேனும் இரையருகிலேயே தங்கித் தின்னும். நாம் ஐம்பது அடி நெருங்கி எடுக்கும் ஒரு படத்துக்காக அது ஒரு வாரச் சாப்பாட்டை இழக்க நேரலாம். கடுங்குளிரில் அந்த இழப்பு சிறிதன்று.

நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். மாலை வரை சிறுத்தை போகவில்லை. மறுநாளும் அங்கேயே இருந்தது. விலகி இருந்ததால்தான் இரண்டு நாள் பார்க்க முடிந்தது.

பட்டியும் வீடும்

அச்சோ-லே சொன்ன ‘பட்டி’யைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை முழுமை பெறாது. ஆட்டுப்பட்டி என்பது கல்லால் கட்டிய திறந்த தொட்டி போன்றது. இரவில் பனிச்சிறுத்தை சுவரேறி உள்ளே குதித்துவிட்டால், தப்பியோட வழியில்லாமல் ஆடுகள் மிரண்டு சுழலும். அது ஒன்றோடு நிற்காமல் கண்ணில் பட்டதையெல்லாம் கொல்லும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் மொத்தச் செல்வமும் போய்விடும். விடிந்ததும் ஊரார் கூடிச் சிறுத்தையைக் கல்லாலும் தடியாலும் அடித்துக் கொன்றதும் உண்டு. அந்தக் கோபத்தைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் ரின்சென் வாங்சுக். நுப்ரா பள்ளத்தாக்கைச் சேர்ந்த மலையேறி. போர்வீரர் கர்னல் சேவாங் ரின்சென்னின் மகன். பனிச்சிறுத்தை ஆய்வாளரான ராட்னி ஜாக்சனுடன் சேர்ந்து ஊர் ஊராகப் போய் மக்களையே கேட்டுத் திட்டம் வகுத்தார். பட்டிகளுக்கு மேலே கம்பிவலைக் கூரை, இடுக்கில்லாத கதவு. இவ்வளவுதான் முதல் வேலை. செலவு பெரிதில்லை, கூரை போட்ட பட்டிக்குள் சிறுத்தை குதிக்க முடியாது. இரண்டாவது வேலை, 2000-க்குப் பிறகு தொடங்கிய இல்லத் தங்கல் திட்டம். சுற்றுலாப் பயணிகள் கூடாரத்தில் தங்காமல் ஊர் வீடுகளில் தங்குவார்கள். எல்லா வீட்டுக்கும் முறைவைத்து விருந்தினர் வருவார்கள். பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கைக்குப் போகும். ஒரு பங்கு ஊர்ப் பொதுநிதிக்குச் சேரும். ரின்சென் 2011-ல் காலமானார். அவர் தொடங்கிய முறை இன்றும் நிலைத்திருக்கிறது.

நான் தங்கிய வீட்டின் அம்மா, ‘அமா-லே’ என்று அழைப்போம், அடுப்பில் சாண வறட்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "முன்பு ஷான் வந்தது என்றால் வயிறு கலங்கும். இப்போதும் ஆடு போனால் அழுகைதான். ஆனால் அதைப் பார்க்கத்தானே நீங்கள் இவ்வளவு தூரம் வந்து என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" பனிச்சிறுத்தை பாதுகாப்பைப் பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

செல்வோருக்குச் சில குறிப்புகள்

1. தில்லியிலிருந்து லேவுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். குளிர்காலத்தில் மணாலிச் சாலை மூடியிருக்கும். திடீரென 3,500 மீட்டர் உயரத்தில் இறங்குவதால் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தைப்போல் மூன்றில் இரண்டு பங்குதான். லேயில் குறைந்தது இரண்டு முழு நாள் ஓய்வெடுத்த பிறகே ரும்பாக் செல்லவேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், மது கூடாது. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் மேலே ஏறாமல் உடனே கீழே இறங்கவேண்டும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக்கூடாது.

2. இரவில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும். ஒரே கனமான கோட்டைவிட, ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு மெல்லிய உடைகள் நல்லது. நடக்கும்போது வேர்க்கவிடக் கூடாது. உட்கார்ந்ததும் வேர்வை உறைந்து நடுக்கும்.

3. கேமரா மின்கலங்களைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளவேண்டும். குளிரில் அவை விரைவில் சக்தியிழக்கும். தொலைநோக்கிக் கண்ணாடிமேல் மூச்சு விடக்கூடாது. உடனே பனி படரும்.

4. ஊர் வீட்டிலேயே தங்குங்கள். வாற்கோதுமை மாவும், ஸ்க்யூ என்னும் மாவுருண்டைக் குழம்பும், உப்பிட்ட வெண்ணெய்த் தேநீரும் கிடைக்கும். சைவம் உண்போருக்குச் சிரமமில்லை. முன்னதாகச் சொல்லிவிட்டால் போதும்.

5. பளிச்சென்ற நிற உடை வேண்டாம். உரக்கப் பேசவேண்டாம். உணவு மிச்சத்தை வெளியே எறியவேண்டாம். அது ஊர்நாய்களைப் பெருக்கும். நாய்க்கூட்டம் காட்டு விலங்குகளைத் துரத்திக் கொல்வது லடாக்கில் இன்று பெருந்தொல்லையாகி வருகிறது.

6. வழிகாட்டி நில் என்ற இடத்தில் நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கலாமே என்று அவரை வற்புறுத்துவதும், அதற்குக் கூடுதல் பணம் தருவதாகச் சொல்வதும் அவரைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்தும்.

பனிச்சிறுத்தையைக் காணாமல் திரும்பினால் பயணம் வீண் என்று எண்ணவேண்டாம். ஒரு பிராண்டல் குழியை அடையாளம் காணவும், ஓர் ஆட்டு மந்தையின் பார்வையைப் படிக்கவும் கற்றவர் வேறு எந்தக் காட்டுக்குப் போனாலும் அதிகம் காண்பார். நீலகிரியில் வரையாட்டைப் பார்க்கவும் இதே கண்தான் வேண்டும். உலக அளவில் பனிச்சிறுத்தை 2017-ல் ‘அழியும் நிலை’ பட்டியலிலிருந்து ‘பாதிப்புக்குள்ளாகும் நிலை’ பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஆனால் ஆபத்து நீங்கிவிடவில்லை. ரும்பாக் போன்ற ஊர்களில் பட்டிக்கு ஒரு கூரையும், விருந்தினருக்கு ஒரு அறையும், வருபவர்களுக்கு எட்டி நின்று பார்க்கும் பொறுமையும் இருக்கும் வரை அந்த மலைகளில் அதன் தடம் பதிந்துகொண்டிருக்கும்.